ஸ்கோர் பலகையும் செக்றோலும்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பிலோ டுபாயிலோ மின்வேலை பழகிய இளைஞர் ஒருவர், தாம் படித்த பாடசாலைக்குத் தம் கையாலேயே ஓர் இலத்திரனியல் ஸ்கோர் பலகை செய்து பரிசளிக்க விரும்பினால், இன்று அது பெரிய வித்தையன்று. ஏழு கோடுகளை 8 என்ற வடிவில் அமைத்து, வேண்டியவற்றை மட்டும் ஒளிரவிட்டால் 0 முதல் 9 வரை எல்லா எண்களும் கிடைத்துவிடும். கோடுகளுக்கு எல்ஈடி பட்டிகள், 12 வோல்ட் பற்றரி, ஆர்டுயினோ போன்ற ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அதனால் தாங்க முடியாத மின்னோட்டத்தைச் சுமக்க இடையில் டிரான்சிஸ்டர்கள். மழைக்குத்தான் நன்றாக மூட வேண்டும். களனி கங்கைப் பள்ளத்தாக்கின் மழையை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏழு கோட்டு யோசனை எல்ஈடிக்கு மிக மூத்தது. 1910 அளவிலேயே மின்நிலையக் கொதிகலன் அறையில் சாதாரண மின்குமிழ்களைக் கொண்டு இவ்வாறு எண் காட்டியிருக்கிறார்கள். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சி முழுப் பத்துப் புள்ளி பெற்றபோது, பத்தைக் காட்ட இடமில்லாத பலகை 1.00 என்று காட்டியது உலகறிந்த கதை. மெல்பேர்ன் மைதானத்தில் 1980களின் தொடக்கத்தில் மின்பலகை வந்ததும், 1901ஆம் ஆண்டின் பழைய பலகை கன்பராவின் மனுக்கா மைதானத்துக்குப் போனது. அதற்கு ஜாக் ஃபிங்கிள்டன் பெயரை வைத்தார்கள். அவர் கிரிக்கெட் வீரர், அரசியல் செய்தியாளரும்கூட. எங்கள் தொழிலுக்குக் கிடைத்த அபூர்வ மரியாதை!

யட்டியாந்தோட்டைக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் கலாநிதி என். எம். பெரேராவை நினைத்துப் பார்க்கலாம். 1960 முதல் 1977 வரை அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அவர். 1970களின் நடுப்பகுதியில் இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராகவும் இருந்தார். 1975 ஜூன் 11 அன்று இலண்டன் ஓவலில் அவுஸ்திரேலியா 328, இலங்கை 276. தொம்சனின் பந்தில் அடிபட்டு வெத்தமுனியும் மெண்டிஸும் களத்தைவிட்டுச் சென்ற ஆட்டம் அது. தோற்றோம், ஆனால் அந்த 276ஐ உலகம் பார்த்தது.

அதே என். எம்., 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்தவர். 1973-74இல் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மாண்டபோது நிதியமைச்சராக இருந்தவரும் அவரே. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

லயத்து மக்களுக்கு எண் என்பது வேறொருவர் கொப்பியில் எழுதிவைப்பது. பால் வெட்டியவர் வாளியைக் கொண்டுவந்து வைப்பார். பாலை நிறுத்து, மெட்ரோலக்கை அதில் மிதக்கவிட்டு இறப்பரின் அளவைக் கணக்கிட்டு எழுதுவார்கள். எழுதிய எண்ணை எட்டிப் பார்க்க முடியாது. செக்றோலில் அன்றைக்கு விழுந்தது முழுப் பேரா, அரைப் பேரா என்பது சம்பள நாளில்தான் பலருக்குத் தெரியவரும். செய்தி சேகரிக்கப் போன இடங்களில் நான் அதிகம் கேட்ட முறைப்பாடு சம்பளம் குறைவு என்பதன்று. கணக்கு தெரியவில்லை என்பதே.

எனவே அந்த இளைஞரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. தம்பி, பாடசாலைக்கு ஒன்று செய்து முடித்தபின், மிஞ்சும் பட்டிகளில் இன்னொன்று செய்யுங்கள். மூன்று இலக்கம் போதும். அதை நிறுவைக் கொட்டகையின் வாசலில், வரிசையில் நிற்கும் கடைசி ஆளுக்கும் தெரியும்படி மாட்டிவிடுங்கள்.