"நபர்" என்ற ஒரு சொல்

பத்திரத்தில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் கொள்வது என்பதிலேயே சொத்து கைமாறிப் போவதை வியாபாரிகள் அறிவோம். நம் நாட்டுப் பெண்கள் வக்கீல் தொழிலுக்குள் நுழைந்த வரலாறும் அப்படி ஒரு சொல்லைப் பற்றிய வழக்குத்தான். அந்தச் சொல் "நபர்".

தகுதியுள்ள நபர் வக்கீலாகப் பதிவு பெறலாம் என்ற முறையில் அமைந்தது 1879-ஆம் ஆண்டுச் சட்டம். பெண் கூடாது என்று அதில் ஒரு வரி கிடையாது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., பி.எல். தேறிய ரெஜினா குஹா 1916-இல் அலிப்பூரில் விண்ணப்பம் போட்டார். விஷயம் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன் போயிற்று. அம்மையாருக்காக வாதாடியவர் யார் தெரியுமா? சென்னையில் பல்லாண்டு தொழில் நடத்திப் பெயர் வாங்கிய பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன்! சட்டங்களில் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்ற பொதுவிதியும் அப்போது இருந்தது. ஆனாலும் இந்தச் சட்டத்துக்கு அது பொருந்தாது, "நபர்" என்பதில் பெண் அடங்கமாட்டாள் என்று தீர்ப்பாயிற்று.

இதில் வேடிக்கையைப் பாருங்கள். நாசிக்கில் பிறந்த கார்னிலியா சொராப்ஜி 1892-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதியவர். பட்டம் கைக்கு வர முப்பது வருஷம் ஆயிற்று. ஆண் வக்கீலிடம் முகம் காட்டிப் பேச முடியாத கோஷாப் பெண்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்க, 1904-இல் அரசாங்கமே அவரை வங்காளத்தில் உத்தியோகத்தில் அமர்த்தியது. அறுநூறு பேர் வரை உதவி பெற்றார்கள் என்பர். வேலைக்குப் பெண் வேண்டும், வக்கீல் பட்டியலில் மட்டும் வேண்டாம்! இது என்ன கணக்கு?

1921-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொராப்ஜியை வக்கீலாகப் பதிவு செய்தது. அதே ஆண்டில் பாட்னாவில் சுதாம்சுபாலா ஹஸ்ரா விண்ணப்பித்தபோது, கல்கத்தாத் தீர்ப்பைக் காட்டிக் கதவை அடைத்துவிட்டார்கள். ஒரே நாடு, ஒரே சட்டம், ஊருக்கு ஒரு பொருள். இந்தக் குழப்பத்துக்கு முடிவாக 1923-இல் தனிச் சட்டம் வந்தது. பெண் என்ற ஒரே காரணத்தால் எவரையும் வக்கீல் தொழிலிலிருந்து விலக்கக்கூடாது என்று அதில் எழுத்திலேயே போட்டுவிட்டார்கள்.

அதன்பின் அன்னா சாண்டி 1937-இல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆகி, 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1989-இல் பாத்திமா பீவி உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார்.

ரெஜினா குஹா இதில் எதையும் பார்க்கவில்லை. 1919-லேயே காலமாகிவிட்டார். ஜெயித்தவர்களை "முதல் பெண்" என்று புத்தகத்தில் ஏற்றுகிறோம். தோற்றவர்களுக்கு வரவு வைப்பதில்லை. ஆனால் அவரும் ஹஸ்ராவும் கோர்ட்டுப் படியேறிக் கேட்டு, "இல்லை" என்ற பதிலை எழுத்தில் வாங்கியிருக்காவிட்டால், சட்டத்தில் இருந்த ஓட்டை யார் கண்ணிலும் பட்டிருக்காது. வக்கீலுக்குப் படிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த இரண்டு பேரையும் சொல்லி வைப்போம். தோற்ற வழக்கும் ஒரு முதலீடுதான். பலன் அடுத்த தலைமுறைக்கு வந்து சேரும்.