பழத்துக்குள் ஒரு சத்தம்

ஒரு காரியம் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போனதைச் சொல்ல பிரெஞ்சில் 'லெ வேர் எ தான் லெ ஃப்ருய்' என்பார்கள். புழு பழத்துக்குள்ளே இருக்கிறது என்று பொருள். பள்ளியில் இதைப் படித்தபோது நம் அத்திப்பழப் பழமொழிதான் எனக்கு நினைவு வந்தது. எந்த ஊரானாலும் பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். பிட்ட பழத்தையோ விற்க முடியாது.

மாங்கொட்டை வண்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டையிடும். புழு துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும். காய் வளர வளரத் துளை மூடிக்கொள்ளும். பிறகு வெளியே ஒரு வடுவும் தெரியாது.

அறுக்காமல் கண்டுபிடிக்க முதலில் காதைத்தான் நம்பினார்கள். 1924-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் பிரெயின் என்ற பூச்சியியலாளர், வானொலிக் கருவிகளின் துணையோடு பூச்சிகளின் சத்தத்தைக் கேட்பது பற்றி எழுதினார். 1980-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பழ ஈயின் புழு சதையைக் கடிக்கும் அதிர்வை உணர்கருவியால் பிடித்து ஆராய்ந்தார்கள். ஆனால் முட்டை சத்தம் போடாது. புழுவும் சில நேரம் சும்மா இருக்கும். சந்தை இரைச்சலில் அந்த மெல்லிய சத்தத்தைப் பிரிப்பதும் எளிதல்ல. எக்ஸ்-கதிரில் கொட்டை அரிக்கப்பட்டது தெரியும்; புதிதாக இட்ட முட்டை தெரிவது கடினம்.

இதனால் நமக்கு வந்த நட்டம் சின்னதல்ல. 1989-லிருந்து நம் மாம்பழம் அமெரிக்காவுக்குள் போகவில்லை. 2007-ல்தான் கதவு திறந்தது. அதுவும் புழுவைக் கண்டுபிடித்ததால் அல்ல. புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனுப்பும் பழம் எல்லாவற்றுக்கும் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2014 மே மாதம் பழ ஈக்காக ஐரோப்பிய ஒன்றியமும் நம் மாம்பழத்தைத் தடுத்தது. மறு ஆண்டுதான் விலக்கியது.

அரசு அலுவலகத்தில் மாதிரிக்குச் சிலதைப் பார்த்து மொத்தத்துக்கும் கையெழுத்துப் போடும் வழக்கத்தை நான் நன்றாக அறிவேன். மாதிரியில் ஒரு புழு கிடைத்தால் நல்ல பழமும் சேர்ந்து திரும்புகிறது. ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியே சோதிக்கும் மலிவான கருவி வந்தால், பக்கத்துத் தோட்டத்துப் புழுவுக்கு நம் விவசாயி தண்டம் கட்ட வேண்டியிராது.