டயாலிசிஸ் நோயாளிகள்: வாழ்நாள், வாழ்க்கைத்தர முன்கணிப்பு

டயாலிசிஸ் செய்துகொள்பவர் இன்னும் எவ்வளவு காலம், எந்த நிலையில் வாழ்வார் என்பதை மதிப்பிட மருத்துவர்கள் முதலில் பார்ப்பது வயது, நீரிழிவு, இதயநோய், இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைத்தான். இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களிடையே இறப்பு மிகுதி என்பதை ஆய்வாளர்கள் லவ்ரி, லூ இருவரும் 1990இல் அமெரிக்க நோயாளிகளிடம் காட்டினார்கள். ஆனால் அல்புமின் குறைய உணவுக் குறைவு மட்டுமன்றி உடலில் தங்கிவிட்ட அழற்சியும் காரணம். அது ஆபத்தின் அறிகுறி. அந்த எண்ணை ஏற்றிவிட்டால் ஆயுள் கூடும் என்று சொல்லிவிட முடியாது. யூரியா நீக்கத்திலும் இதே பாடம் கிடைத்தது. 1,846 பேர் பங்கேற்று 2002இல் வெளிவந்த ஹீமோ ஆய்வில், வழக்கமான அளவைவிடக் கூடுதலாகச் சுத்திகரித்தும் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

இந்த எண்களுக்கு இணையாக வைக்க வேண்டியது நோயாளியின் சொந்த வாய்மொழி. மாடிப்படி ஏற முடிகிறதா, வலி அன்றாட வேலையைத் தடுக்கிறதா என்று கேட்கும் 36 கேள்விப் படிவம் பார்வைக்கு எளியது. ஏழு நாடுகளில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2003இல் வெளியான டாப்ஸ் ஆய்வில், இத்தகைய கேள்விகளுக்கான பதில்களிலிருந்து கணக்கிட்ட உடல்நல மதிப்பெண் மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினரின் இறப்பு அபாயம், மிக உயர்ந்த பங்கினருடையதைவிட 93% அதிகம். இறப்பைக் கணிப்பதில் அந்த மதிப்பெண் அல்புமினுக்கு நிகராக நின்றது. மருத்துவமனைச் சேர்க்கையைக் கணிப்பதில் அதை மிஞ்சியது. இது வெறும் மனநிலைதானே என்பார்கள். வயதையும் உடனிருக்கும் நோய்களையும் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு நீடித்ததால் அந்த வாதம் நிற்காது. படியேற முடியாமை என்ற ஒரே பதிலுக்குள் இதயம், தசை, இரத்தசோகை எல்லாம் அடங்கியிருக்கின்றன. பார்ப்பவர் ஊகமும் இதற்கு மாற்றாகாது: 2005இல் ரீஸ் குழுவினர் நோயாளிகளின் அன்றாட மனநிலையைப் பதிவுசெய்தபோது, அது நலமுள்ளவர்களின் மனநிலையிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. நலமுள்ளவர்களோ அவர்களை மிகவும் துயரப்படுபவர்களாகவே கற்பனை செய்திருந்தார்கள்.

கணிப்பைச் சொல்வது நம்பிக்கையைப் பறிக்கும் என்பது கனமான மறுப்பு. ‘இவர் ஓராண்டுக்குள் இறந்தால் வியப்பேனா?’ என்று மருத்துவர் தம்மையே கேட்டுக்கொள்ளும் முறையை மாஸ் குழு 2008இல் சோதித்தது. ‘வியக்கமாட்டேன்’ எனப்பட்டவர்களில் 29.4% பேரும் மற்றவர்களில் 10.6% பேரும் ஓராண்டில் இறந்தார்கள். முதல் பிரிவிலேயே பத்தில் ஏழு பேர் உயிரோடிருந்ததால், இது கூட்டத்துக்குரிய கணக்கே தவிர எவருக்கும் நாள் குறிப்பதல்ல. ஆனால் மறைப்பதும் கருணையாகாது. அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரில், ஓராண்டுக்குள் 58% பேர் இறந்தார்கள். முன்பிருந்த செயல்திறனோடு இருந்தவர்கள் 13% மட்டுமே என்று 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அத்தகைய முதியவருக்கு இந்தக் கணக்கு தேவைப்படுவது டயாலிசிஸ் தொடங்கிய பின்னர் அல்ல, அதற்கு ஒப்புதல் கேட்கும்போதே.