மடு யாத்திரையும் இனவுணர்வும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில், மடுச் சந்தியில் திரும்பிக் காட்டினூடே சென்றால் மருதமடு மாதா திருத்தலத்தை அடையலாம். ஓகஸ்ட் 15ஆம் நாட் பெருவிழாவிலே சிங்களவரும் தமிழரும் அங்கு ஒருங்கே கூடுவர். இதனைக் கொண்டு, சமயம் இனத்தைக் கடந்துவிட்டது என்று கூறுவோர் பலர். வரலாற்றடிப்படையில் நோக்குமிடத்து நிலைமை அத்துணை எளிதாக இல்லை.

1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தினர் மாதாவின் திருவுருவத்துடன் 1670 அளவில் மடுக் காட்டை அடைந்தனர் என்பது திருத்தல மரபு. கரையோரத்தில் வலிமை பெற்றிருந்த ஒல்லாந்தக் கம்பனியின் அதிகாரம் வன்னிக் காட்டில் தளர்ந்தே இருந்தது. எனவே இச்சமூகத்தை முதலிற் பிணைத்தது ஒடுக்குமுறைக்குத் தப்பிய அனுபவமேயாகும். பின்னர் கோவாவிலிருந்து வந்த குருமார் வளர்த்த திருச்சபையும் இருமொழிச் சபையே. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார்.

மடுவுக்கு வரும் யாத்திரிகருள் நீர்கொழும்பு, சிலாபம் கரையோரத்தவரை ஈண்டுச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். இன்று சிங்களவராகக் கணிக்கப்படும் இவர்களுட் பலரின் பாட்டன்மார் வீட்டிலும் கோயிலிலும் தமிழே வழங்கினர். சில தலைமுறைகளுள் நிகழ்ந்த இம்மாற்றத்தின் பிரதான கருவி பாடசாலை. தாய்மொழிக் கல்வி வந்தபோது, இருமொழி வீட்டுப் பிள்ளையின் தாய்மொழி எது என்பதை யாரோ தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1940 முதல் 1972 வரை சிலாபத்து ஆயராக விளங்கிய எட்மன்ட் பீரிஸ் ஆண்டகை சிங்களமொழிக் கல்வியை ஊக்குவித்தார். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் பின் அரச உத்தியோக ஆசையும் அதே திசையிற் செயற்பட்டது. மீனவப் பெற்றோர் செய்தது வாழ்க்கைக் கணக்கு. அதனைத் துரோகம் என்பது நியாயமன்று. இம்மக்களை இழந்துபோன தமிழர் எனப் புலம்புவோரும், ஆதிச் சிங்களவர் என நிறுவ முயல்வோரும் இனத்தை இரத்தத்திலேயே தேடுகின்றனர். மொழி மாறிய பின்னரும் மடு யாத்திரை கைவிடப்படவில்லை என்பதற்கு இரு சாராரிடமும் விளக்கமில்லை. மதத்தை வெறும் போலிப் பிரக்ஞை என ஒதுக்கும் எம்மவரிடமும் (நானும் ஒருகால் அவ்வாறு எழுதியவனே) விளக்கமில்லை.

ஆயினும் ஒரே வழிபாடு இன அரசியலைத் தடுக்கவில்லை. ஒரே மாதாவை வணங்கியோரின் பிள்ளைகள் போரின் இரு தரப்புப் படைகளிலும் இருந்தனர். 1990 முதல் மடு வளாகம் அகதி முகாமாயிற்று. 1999 நவம்பரில் அங்கு வீழ்ந்த எறிகணைகளுக்குத் தஞ்சம் புகுந்தோர் முப்பதின்மருக்கு மேல் பலியாயினர். 2008 ஏப்ரலில் குருமார் திருவுருவத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர்; ஓகஸ்டில் அது மீண்டது.

போர் முடிந்த 2009இன் ஓகஸ்ட் விழாவுக்குத் தெற்கிலிருந்து யாத்திரிகர் பெருந்திரளாக வந்தனர். அவ்வேளை வவுனியா மாவட்டத்தில், செட்டிகுளத்து மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களின் முட்கம்பி வேலிகளுக்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழர் அடைபட்டிருந்தனர். அவர்களுள்ளும் மடு மாதாவின் பக்தர் இருந்தனர்.