கூடாரத்தின் எடையும் அதைச் சுமந்தவர்களும்

மலைப் பயணத்துக்கும் நெடுநடைக்கும் பயன்படும் கூடாரம் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பத்துக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இதற்குப் புதிய துணிகளே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. துணிகளின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும் வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, சுமை யார் தோளில் இருந்தது என்ற கேள்வியே எடையை முதலில் தீர்மானித்திருப்பது புலப்படும். கூலிக்குச் சுமப்பவர் கிடைத்த இடங்களில் கூடாரம் கனமாகவே நீடித்தது. பயணியே தன் மூட்டையைத் தூக்க நேர்ந்தபோதுதான் அது மெலிந்தது.

ஆங்கிலேய மரச்செதுக்கு ஓவியரான எட்வர்ட் விம்பர், 1860-களின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை எட்டும் முயற்சிகளுக்காகத் தாமே ஒரு கூடாரத்தை வடிவமைத்தார். ஆறரை அடி நீளமுள்ள நான்கு ஆஷ் மரக் கம்புகள் முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக உச்சியில் இணைந்து நிற்க, அவற்றின்மேல் பருத்தித் துணி போர்த்தப்பட்டது. ரப்பர் பூசிய மெக்கின்டாஷ் துணியாலான தரைவிரிப்பு பக்கச் சுவர்களோடு சேர்த்தே தைக்கப்பட்டிருந்ததால், குளிர்காற்று அடியில் புக வழியில்லை. மொத்த எடை 23 பவுண்டு, அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். அக்கால அளவில் இது இலேசானதே. ஆனால் பாறைகளினூடே அதைத் தூக்கிச் சென்றவர் பெரும்பாலும் விம்பர் அல்லர், ப்ரூயில் என்னும் இத்தாலிய மலைச்சிற்றூரைச் சேர்ந்த லூக் மெய்னே என்ற கூன்முதுகுடைய சுமைகாரர். 1871-இல் வெளியான தம் நூலில் விம்பர் அவரை மிகுந்த அன்போடு நினைவுகூர்கிறார். கூடாரத்துக்கு வடிவமைத்தவர் பெயர் நிலைத்துவிட்டது. சுமந்தவர் பெயர் அந்த நூலைப் படிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஆல்பர்ட் மம்மரி, வழிகாட்டிகளின் துணையின்றி ஏறும் வழக்கத்தை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர். அவர் பெயரால் வழங்கும் பட்டுக் கூடாரத்துக்குத் தனிக் கம்புகளே கிடையா. ஏறுவோர் கையில் எப்படியும் இருக்கும் இரண்டு பனிக்கோடரிகளே இரவில் அதன் தூண்களாயின. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. ஒரு பொருளை இரண்டு வேலைக்கு ஆளும் இந்த முறையே பின்னாளில் இலகுப் பயணத்தின் முதன்மையான உத்தியாயிற்று. 1920-களின் எவரெஸ்ட் பயணங்களில் கீழ் முகாம்களில் விம்பர் வகைக் கூடாரங்களும், ஒவ்வொரு கிலோவும் உயிர்வலியாகிவிடும் மேல் முகாம்களில் மம்மரி வகையும் அதிலிருந்து கிளைத்த மீட் வகையும் பயன்பட்டன என்பது கருதத்தக்கது.

மலையேறிகளின் இந்த அறிவைச் சாதாரண உழைப்பாளிகளின் விடுமுறைக்குக் கொண்டுவந்தவர் லண்டன் தையற்கலைஞர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். 1844-இல் பிறந்த இவர், சிறுவயதில் பெற்றோருடன் மாட்டுவண்டிக் கூட்டத்தில் அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தவர். 1897-இல் நண்பர்களோடு சைக்கிளில் அயர்லாந்தில் சுற்றி, அந்த அனுபவத்தை மறு ஆண்டே நூலாக்கினார். சைக்கிளில் ஏற்றக்கூடியது எவ்வளவோ அவ்வளவே மூட்டை என்ற வரம்பு அவருக்குத் தொழிலாகத் தெரிந்த தையலைப் புதிய வழியில் செலுத்தியது: துணியின் வெட்டு, தையலின் அகலம், மடித்தால் பையில் அடங்கும் அளவு ஆகியவற்றை, மேல்சட்டைக்கு அளவெடுப்பவரின் கண்டிப்போடு கூடாரத்துக்கும் கணக்கிட்டார். 1901-இல் இவர் முயற்சியால் உருவான சைக்கிள் முகாமாளர் சங்கம் பிரிட்டனின் பெரிய முகாம் அமைப்பாக இன்றும் நிலைத்திருக்கிறது. 1908-இல் வெளிவந்த இவருடைய கையேடு இத்துறையின் மூலநூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. பணியாளும் பணமும் இல்லாதவருக்கும் காட்டில் ஓர் இரவு உரிமையானது என்று நடைமுறையில் நிறுவிய இந்தத் தையற்காரருக்கு, சிகரங்களை வென்றவர்களுக்குரிய இடம் வரலாற்றில் தரப்பட வேண்டும்.

உறங்கும் பையின் வரலாறு வேறு திசையிலிருந்து வருகிறது. பிரெனீஸ் மலைக் கணவாய்களைக் காவல் காத்த பிரெஞ்சுச் சுங்கக் காவலர்கள் ஆட்டுத்தோலை உரோமம் உட்புறமாக இருக்கும்படி பையாகத் தைத்து, பகலில் மடித்து முதுகில் கட்டிக்கொண்டதை 1850-களில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் பதிவு செய்தார். வேல்ஸ் நாட்டு ஜவுளி வணிகர் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் 1876-இல் காப்புரிமை பெற்ற கம்பளி உறக்கவிரிப்பை ரஷ்யப் படை பெருமளவில் வாங்கியது. தோலும் கம்பளியும் பின்வாங்கியதற்குக் காரணம் தூவி, அதாவது வாத்து, தாரா போன்ற நீர்ப்பறவைகளின் இறகுக்கு அடியில் வளரும் மென்மயிர். உடலுக்குச் சூடு தருவது உண்மையில் தூவியன்று; அது உப்பி நிற்கும்போது தனக்குள் அசையாமல் பிடித்து வைக்கும் காற்றே. ஆகவே மிகக் குறைந்த எடையில் மிகுந்த பருமன் தரும் பொருளே சிறந்த நிரப்பு என்றாகிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு கிடைக்காமற் போகவே பாராசூட்டுகளுக்கு வந்த நைலான், போருக்குப்பின் கூடாரமாயிற்று. இடையிடையே தடித்த இழை ஓடுவதால் கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் நெசவும் அதனோடு வந்தது. 1970-களின் தொடக்கத்தில் சியாட்டிலில், போயிங் நிறுவனத்தில் வேலையிழந்த பொறியாளர் இருவர், காற்றுப்புகாத உறைக்குள் திறந்த நுரையை ஒட்டி, திருகைத் திறந்தால் தானே காற்றை இழுத்துக்கொள்ளும் தெர்மரெஸ்ட் மெத்தையை உருவாக்கினர்.

ஆயினும் அந்த மெத்தை வருவதற்கு முன்பே, இத்தகைய புதுப்பொருள்களை நாடாமல், 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது ஒஹையோ விவசாயக் குடும்பப் பெண், அப்போது ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் நீண்டிருந்த அப்பலாச்சியன் பாதையைத் தனியே நடந்து முடித்தார். தாமே தைத்த துணிப்பை, ஒரு படைக் கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரை ஆகியவையே அவருடைய படுக்கையும் கூரையும். அவரது துணிவைப் போற்றுவோர் பலர். எதை விடலாம் என்று முடிவெடுத்த அவருடைய அறிவும் அதே அளவு போற்றத்தக்கது.

அந்த அறிவை முறைப்படுத்தியவர் விண்வெளித்துறைப் பொறியாளராக இருந்து மலையேறியான ரே ஜார்டின். 1992-இல் வெளியான பசிபிக் கிரெஸ்ட் பாதைக் கையேட்டில் இவர் முன்வைத்த கணக்கு எளியது: படுப்பவரின் உடல் எடையால் அடியில் நசுங்கிய தூவி காற்றைப் பிடிக்காது, எனவே சூடும் தராது, தரையின் குளிரைத் தடுப்பது மெத்தையே. ஆகையால் பையின் அடிப்பாகத்தை நீக்கி மேல்போர்வையாக மட்டும் தைத்தால் எடை குறையும். கூடாரத்துக்கு மாற்றாக ஒற்றைத் தார்ப்பாயை அவர் பரிந்துரைத்தார். இவற்றை அவரும் மனைவி ஜென்னியும் வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே தைத்துக்கொண்டனர்.

இதன்பின் சிறு பட்டறைகள் பெருகின, நடைக்கோல்களே தூண்களாயின, 1992-ஆம் ஆண்டு அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டியோடு தொடர்புடைய கியூபன் ஃபைபர் என்னும் பாய்மரத் துணி கூரையாயிற்று. ஆனால் எடைக்காக உள்துணியைத் துறந்த ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில், உறங்குவோரின் மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிச் சொட்டும் இடர் இன்னும் தீரவில்லை. நனைந்த தூவி உப்பும் தன்மையை இழந்துவிடுவதால், ஈரம் மிகுந்த நிலங்களில் நடப்போர் சில நூறு கிராம் கூடினாலும் இரட்டைச் சுவர்க் கூடாரத்தையும் செயற்கை இழை நிரப்பிய பையையும் தேர்வதே பொருத்தமாகும்.