அமெரிக்க ஷண்டிங் இன்ஜின்களின் பழைய ஒளிப்படங்களை அடையாளம் காணல்

அமெரிக்க ரயில் யார்டுகளில் வேகன்களைப் பிரித்துச் சேர்த்த ஷண்டிங் இன்ஜின்களின் பழைய படங்களைக் கொண்டு, இன்ஜின் எந்த வகை, யார்டு எங்கே இருந்தது, படம் எந்தக் காலத்தது என்று கண்டறியும் முறை இது. ஆவணக் காப்பகங்களும் ரயில் அருங்காட்சியகங்களும் தனிச் சேகரிப்பாளர்களும் இதில் ஈடுபடுகின்றனர். பெயர்பெற்ற விரைவு ரயிலைப் படம் எடுத்தவர் நாளும் இடமும் குறித்து வைத்திருப்பார். ஷண்டிங் இன்ஜினுக்கு அந்த மரியாதை கிடைப்பது அரிது. படத்தின் பின்புறம் வெறுமையாக இருக்கும். இல்லாவிட்டால் பல ஆண்டுகள் கழித்து யாரோ நினைவிலிருந்து எழுதிய ஒரு வரி இருக்கும். அதைக் கடைசியாகப் படிப்பதே நல்லது.

நீராவி ஷண்டிங் இன்ஜினைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம். முன்னால் வழிகாட்டும் சிறு சக்கரங்கள் இருக்காது. வேகம் குறைவு என்பதால் அவை தேவைப்படவில்லை. எடை முழுவதும் இயக்குசக்கரங்களின் மேல் நின்று இழுவைக்குப் பயன்பட்டது. சக்கரங்களை எண்ணிக் குறிக்கும் வொய்ட் முறையில் இவை 0-4-0, 0-6-0, 0-8-0 எனக் குறிக்கப்படும். ஊழியர்கள் ஏறி நிற்க முன்னும் பின்னும் கால்பலகைகள் இருக்கும். டிரைவருக்குப் பின்பக்கம் தெரிவதற்காகப் பல இன்ஜின்களில் டெண்டரின் பின்பகுதி சரிவாக அமைந்திருக்கும். தயாரிப்பாளரின் தகட்டில் எழுத்து படிக்க முடியாவிட்டாலும் வடிவம் உதவும்: பால்ட்வின் என்றால் வட்டம், லிமா என்றால் சாய்சதுரம், ஆல்கோ என்றால் பெரும்பாலும் செவ்வகம். ஃபயர்பாக்ஸின் மேற்பகுதி உருண்டையாக இல்லாமல் தோள்பட்டை போலச் சதுரமாக இருந்தால் முதலில் பென்சில்வேனியா ரயில்ரோட்டை நினைக்க வேண்டும். கிரேட் நார்தர்ன் நிறுவனமும் அத்தகைய பெல்பேர் அமைப்பைப் பயன்படுத்தியதால், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது.

நியூயார்க் நகருக்குள் நீராவியைத் தடுத்த 1923ஆம் ஆண்டின் காஃப்மன் சட்டம் டீசலுக்கு வழி திறந்தது. நியூ ஜெர்சி சென்ட்ரலின் 1000 எண் கொண்ட 300 குதிரைத்திறன் இன்ஜின் 1925இல் பிராங்ஸ் யார்டில் வேலைக்கு வந்தது. பெட்டி வடிவிலான அந்த முதல் தலைமுறையைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. சிக்கல் 1940களில் தொடங்குகிறது. ஆல்கோவின் எஸ்-1 (660 குதிரைத்திறன்), எஸ்-2 (1000 குதிரைத்திறன்) இரண்டும் 1940 முதல் 1950 வரை தயாரிக்கப்பட்டவை. தொலைவிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். புகைபோக்கியைப் பார்க்க வேண்டும்: எஸ்-1இல் மெல்லியது, டர்போ பொருத்திய எஸ்-2இல் அடி பருத்து மேலே குறுகுவது. ரேடியேட்டர் ஷட்டரும் எஸ்-2இல் பெரியது. ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின்களில் எஸ்டபிள்யூ1க்கு ஒரு புகைபோக்கி, என்டபிள்யூ2க்கு இரண்டு. பால்ட்வின் விஓ-1000 இன்ஜின்கள் பலவற்றில் நான்கு வரிசையாக நிற்கும். கேபின் நடுவில் இருக்கும் சிறிய இன்ஜின் பெரும்பாலும் ஜெனரல் எலக்ட்ரிக்கின் 44 டன் வகை. 90,000 பவுண்டுக்கு மேற்பட்ட இன்ஜினில் ஃபயர்மேனும் இருக்க வேண்டும் என்ற 1937ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஒப்பந்தமே அந்த எடையை நிர்ணயித்தது.

இவ்வளவு தெரிந்த பின்பும் ஆண்டு கைக்கு வருவதில்லை. ஷண்டிங் இன்ஜின்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்தவை. பழசானதும் ஆலைகளுக்கு விற்கப்பட்டு, வேறு பெயிண்டில் மேலும் ஓடியவை. இன்ஜின் தயாரான ஆண்டுக்கு முந்தையது அல்ல படம் என்று மட்டுமே அது சொல்லும். காலத்தை நெருக்கிப் பிடிக்க உதவுபவை பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் வேகன்கள். வேகனின் வெற்று எடை எழுதிய வரியின் அருகே மாதமும் ஆண்டும் ஸ்டென்சிலில் இருக்கும். புதிய வேகனானால் ‘நியூ’ என்ற சொல்லும், மறுபடி எடை போட்டதானால் பட்டறையின் குறியீடும் சேரும். ‘8-47’ என்று உருப்பெருக்கியில் தெரிந்தால் படம் 1947 ஆகஸ்டுக்கு முந்தையது அல்ல. பல வேகன்களில் தேடி, மிகப் பிந்தைய தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். கூரைமேல் நடைபலகை இல்லாத மூடிய வேகன்கள் 1966க்குப் பிறகு பெருகின. பக்கவாட்டில் வண்ணக் கோடுகள் கொண்ட சிறு அட்டை தெரிந்தால் அது 1967இல் ஏற்கப்பட்டு 1977இல் கைவிடப்பட்ட தானியங்கி அடையாளக் குறி. அது பல வேகன்களில் அதற்குப் பின்பும் ஒட்டிக்கொண்டே இருந்ததால், தொடக்க எல்லையை மட்டுமே தரும்.

இடத்தைக் கண்டுபிடிக்க இன்ஜினைவிடப் பின்னணி பயன்படும்: தண்ணீர்த் தொட்டி, ரவுண்ட்ஹவுஸ், நிலக்கரிக் கோபுரம், மேம்பாலம். இவற்றை சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களோடு ஒப்பிடலாம். மேட்டிலிருந்து வேகன்களை உருட்டிவிடும் யார்டில் தண்டவாளத்தை ஒட்டி, வேகன்களின் வேகத்தைக் குறைக்கும் ரிடார்டர்கள் தெரிந்தால், இந்தியானாவின் கிப்சன் யார்டில் அவை முதலில் வந்த 1924க்குப் பிற்பட்ட படம். ஒப்பீட்டுக்கு ஒளிப்படக் கலைஞர் ஜாக் டெலானோவின் படங்கள் மிகச் சிறந்தவை. அரசுக்காக அவர் 1942-43இல் சிகாகோவிலும் கான்சஸ் சிட்டியிலும் யார்டுகளை வண்ணத்திலும் கறுப்பு வெள்ளையிலும் எடுத்தார். இடமும் மாதமும் குறித்த விவரங்களுடன் அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன.

நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்த படங்கள் பெரும் தொல்லை. எண் 8, 101, 808 என்றிருந்தால் அது காட்டிக்கொடுக்காது. அமெரிக்க நீராவி இன்ஜினில் டிரைவர் வலப்பக்கம் உட்காருவார். கேபினிலிருந்து முன்னே போகும் ரிவர்ஸ் கம்பியும் அந்தப் பக்கம்தான். ஏர் பம்ப் பெரும்பாலும் இடப்பக்கம். இவை இடம் மாறியிருந்தால் படத்தைத் திருப்ப வேண்டும். கோடாக்ரோம் ஸ்லைடு அட்டையில் அச்சான மாதம் பிலிமைக் கழுவிய மாதம். எடுத்த மாதமாக இருக்க வேண்டியதில்லை. பின்புற ரப்பர் முத்திரையையும் அப்படியே நம்பக் கூடாது. ரயில் ஆர்வலர்கள் நெகட்டிவ்களை மாற்றிக்கொள்வது வழக்கமாக இருந்ததால், முத்திரையிலுள்ள பெயர் படம் எடுத்தவருடையதாக இல்லாமல் நெகட்டிவை வைத்திருந்தவருடையதாக இருக்கலாம். ஒரே படம் இரண்டு பெயர்களில் கிடைப்பதற்கும் இதுவே காரணம்.