பொருந்தாத வரிகள்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் எழுதிய உரைத்தொகுப்பி 'ஈடி'. அதில் 'ஜி' என்று தொடங்கி, ஒரு சொல்லைக் கொடுத்து, 'டி' என்று முடித்தால் அந்தச் சொல் உள்ள வரிகள் அத்தனையும் கோப்பிலிருந்து போய்விடும். 'வி' என்று தொடங்கினால் நேர்மாறு: அந்தச் சொல் இல்லாத வரிகள் போகும். சில ஆண்டுகளில் லீ மக்மஹோன் எழுதிய 'செட்', எவ்வளவு நீளமான கோப்பானாலும் இதே வேலையை ஆள் தொடாமல் முடித்தது.

இலங்கையின் கண்டிச் சீமை இந்த 'வி'யை 'ஈடி' வருமுன்பே அனுபவித்துவிட்டது.

1947 தேர்தலில் மலையகத் தமிழரான தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், அளுத்நுவரவில் டி. இராமானுஜம். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜை அல்லாதவருக்கு வாக்காளர் இடாப்பில் இடமில்லை என்றது. மலையகத் தமிழரைப் பெயர் சொல்லி வெட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. 'பிரஜை' என்பதற்குப் பொருந்தாத வரிகள் தாமாக விழுந்தன. நிரல் எழுதுவோர் 'டி' போடுமுன் 'பி' போட்டு, எந்தெந்த வரிகள் சிக்குகின்றன என்று பார்த்துக்கொள்வார்கள். இங்கே யார் சிக்குவார்கள் என்பது சட்டம் செய்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

1952 தேர்தலில் அந்த 7 ஆசனங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கண்டிக்கு அடுத்த கேகாலை மாவட்டத்தில், ருவன்வெல்ல தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கோரினார் கோடகன் பிள்ளை. மீளாய்வு அலுவலர் சிவஞானசுந்தரம் சேர்க்கச் சொன்னார். 1951இல் உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளையை ரத்துச் செய்தது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் சட்டங்கள் செல்லும் என்றது.

வெட்டியது மொத்தமாக. திரும்பச் சேர்வதற்கோ ஒவ்வொரு குடும்பமும் மனுப்போட்டு, மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு தொடர்ந்து வசித்ததை நிறுவ வேண்டியிருந்தது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்தன. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பிற்பாடு இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் பலரை இந்தியாவுக்கு அனுப்பின. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தரும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் வந்தது.